லே ஆஃப் (ஆள் குறைப்பு) வரும்போல இருக்கா? லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே செஞ்சு வெக்க வேண்டியது – முழுமையான வழிகாட்டி

ஆபீஸ்ல ஒரு மாதிரி அமைதி வரும், ஒரு தடவை அனுபவிச்சவங்களுக்கு மறக்கவே மறக்காது. யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லிருக்க மாட்டாங்க. ஆனா மேனேஜர் கேலண்டரை திறந்தா வரிசையா "பிரைவேட்"னு கட்டம் கட்டமா நிக்கும், எப்பவும் சத்தமா சிரிச்சு பேசற எச்ஆர் ஆள் லிஃப்ட்ல நம்மள பாத்ததும் போனை நோண்ட ஆரம்பிச்சிடுவாங்க, மத்தியானம் ஒண்ணா சாப்பிட போற கும்பல் ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு குசுகுசுன்னு பேசும்.

இந்த விஷயத்துல நான் மூணு பக்கமும் நின்னு பாத்துட்டேன். ஒரு தடவை என் வேலையே போச்சு. இன்னொரு தடவை எனக்கு ரெண்டு பக்கத்து சீட்டும் காலியாச்சு, நான் மட்டும் நடுவுல உக்காந்திருந்தேன். மூணாவது தடவை டீம் லீடா இருந்து யாரை அனுப்பறதுங்கற லிஸ்ட்டுக்கான ஷீட்டை நானே நிரப்ப வேண்டியதாச்சு, அதுதான் மூணுலயும் கேவலமான அனுபவம். இதுல இருந்து எனக்கு புரிஞ்சது இவ்ளோதான்: "போகுமா போகாதா"ங்கற கேள்விக்கு பதில் தேடியே நாம நாள் முழுக்க காலி பண்றோம், அந்த பதில் நம்ம கைல இல்லவே இல்ல. ஆனா போனா எத்தனை மாசம் தாங்கும், எந்தெந்த பேப்பர் நம்மகிட்ட இருக்கு, முதல் போன் யாருக்கு போடணும், இந்த மூணுக்கும் பதில் இந்த வாரமே எழுதி வெச்சிடலாம். பயத்துல முக்கால்வாசி இந்த மூணும் தெரியாததால வர்றதுதான், என் விஷயத்துல அப்படித்தான் இருந்துச்சு.

1. முதல்ல வதந்தியையும் அறிகுறியையும் பிரிங்க

காபி மெஷினை எடுத்துட்டாங்க, தண்ணி பாட்டில் நிறுத்திட்டாங்க, டிராவல் கட் பண்ணிட்டாங்கன்னா அது செலவு குறைப்பு. அதுக்கு அடுத்தது ஆள் குறைப்பா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதை எல்லாம் வெச்சு தூக்கம் கெடுத்துக்காதீங்க. கொஞ்சம் கனமான அறிகுறிகள்னு நான் நினைக்கிறது வேற.

வேலைய விட்டு போன ஆளுக்கு பதில் ஆள் தராம அந்த வேலையை மத்தவங்களுக்கு பிரிச்சு குடுக்கறது ஒண்ணு. நீங்க தினமும் செய்யற வேலையை ஸ்டெப் பை ஸ்டெப்பா எழுதி குடுங்கன்னு திடீர்னு தேதி போட்டு கேக்கறது இன்னொண்ணு. வெளியில இருந்து கன்சல்டன்ட் வந்து "இந்த ரிப்போர்ட்டுக்கு வாரத்துல எத்தனை மணி நேரம் ஆகுது"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா கவனிங்க. ரெண்டு கம்பெனி ஒண்ணா சேர்ந்து ஒரே வேலைக்கு ரெண்டு டீம் இருந்தா அதுல ஒண்ணு எதுக்குன்னு மேல இருக்கறவங்க கண்டிப்பா யோசிப்பாங்க. எல்லாத்துலயும் பெரிய அறிகுறி, அடுத்த காலாண்டு பிளான் ஸ்லைடுல உங்க பிராஜெக்ட் பேரே இல்லாம இருக்கறது.

ஒரு சின்ன நோட்ல தேதி போட்டு இதை எழுதுங்க. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்தா அது எல்லா ஆபீஸ்லயும் இருக்கறதுதான். ஒரே மாசத்துல மூணு நாலு வந்துடுச்சுன்னா கீழ சொல்றதை எல்லாம் வேகமா முடிங்க. வதந்திக்கு தேதி இருக்காது, யார் சொன்னாங்கன்னும் இருக்காது, "அவங்க சொன்னாங்களாம்"னுதான் இருக்கும். நோட்ல எழுத உக்காந்தாலே பாதி வதந்தி தானா உதிர்ந்துடும்.

வாட்ஸ்அப் குரூப் பத்தி ஒரு வார்த்தை. என் கூட இருந்த ஒருத்தர் நைட்டு ஒரு மணி வரைக்கும் குரூப்பை ரெஃப்ரெஷ் பண்ணிட்டே இருப்பார், காலைல கண்ணெல்லாம் செவந்து வருவார், கேட்டா "தெரிஞ்சுக்கணும்ல ஜி"ம்பார். கடைசில அவருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அந்த ரெண்டு மாசத்துல அவர் ரெசியூமை ஒரு தடவை கூட திறக்கல, அடுத்த ரவுண்டுல மாட்டினப்ப ஆறு வருஷத்துக்கு முந்தின ரெசியூம்தான் கைல இருந்துச்சு. குரூப்பை மியூட் பண்ணுங்க, மத்தியானம் ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை பாருங்க, போதும்.

2. லிஸ்ட் எப்படி தயாராகுதுன்னு தெரிஞ்சுக்கங்க

இதை ஏன் சொல்றேன்னா, நல்லா வேலை பாத்தா தப்பிச்சிடலாம்னு நிறைய பேர் நம்பறாங்க, வேலை போனா நாமதான் சரியில்லையோன்னு உடைஞ்சு போறாங்க. ரெண்டுமே பாதிதான் உண்மை.

எனக்கு வந்த ஷீட்ல முதல் காலம்ல (column) பேர் கூட இல்ல. எம்ப்ளாயி நம்பர், எந்த காஸ்ட் சென்டர் (அவங்க செலவு எந்த பிரிவு கணக்குல போகுதுன்னு), வருஷத்துக்கு செலவு, இப்ப எந்த பிராஜெக்ட், அந்த பிராஜெக்ட்டுக்கு கஸ்டமர்கிட்ட இருந்து காசு வருதா, கடைசி ரெண்டு ரேட்டிங். கடைசில "பிசினஸ்க்கு அவசியமா, ஆம் / இல்லை"ன்னு ஒரு காலம், அது மட்டும் நான் நிரப்பணும். எத்தனை "இல்லை" வரணும்னு முன்னாடியே முடிவு பண்ணிருந்தாங்க. அதுக்கு முன்னாடியே ஒரு முழு காஸ்ட் சென்டரையே மூடறதுன்னு மேல தீர்மானிச்சிருந்தாங்க, அதுல இருந்த பதினோரு பேர்ல ரெண்டு பேர் நான் பாத்ததுலயே கெட்டிக்காரங்க. அவங்களுக்காக நான் ரெண்டு மெயில் போட்டேன், பதில் ஒரு வரில வந்துச்சு.

அதனால என்ன பண்ணலாம்? முழுசா உங்க கட்டுப்பாட்டுல இல்லன்னாலும் கொஞ்சம் நகர முடியும். உங்க வேலை கம்பெனிக்கு காசு கொண்டு வர்ற இடத்துக்கு எவ்ளோ பக்கத்துல இருக்குன்னு பாருங்க. மூடப்போற பிராஜெக்ட்ல இருக்கோம்னு தெரிஞ்சா உள்ளுக்குள்ளயே வேற டீமுக்கு மாற கேளுங்க, அறிவிப்பு வந்ததுக்கு அப்புறம் எல்லாரும் கேப்பாங்க, அதுக்கு முன்னாடி கேக்கறவங்களுக்குத்தான் சீட்டு கிடைக்கும். அந்த கடைசி காலம்ல "ஆம்" போட உங்க லீடுக்கு ஒரு வரி வேணும், அந்த வரியை நீங்களே குடுங்க: வாரக்கடைசில ரெண்டு வரி மெயில், "இந்த வாரம் இது முடிஞ்சுது, இதனால கஸ்டமர் புகார் நின்னுச்சு"ன்னு. பெருமை அடிக்கற மாதிரி கூச்சமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு. ஆனா ஷீட்டை நிரப்பற பக்கத்துல உக்காந்தப்பதான் தெரிஞ்சுது, சத்தமில்லாம வேலை பாத்தவங்களுக்கு என்ன எழுதறதுன்னு எனக்கு உண்மையிலயே ஞாபகம் வரல.

இன்னொண்ணு, பயத்துல நைட்டு பதினொரு மணி வரைக்கும் உக்காந்து வேலை பாக்கறதை விடுங்க. அந்த ஷீட்ல அதுக்குன்னு ஒரு கட்டமே இல்ல.

3. மாசக் கணக்கு – இதை இன்னிக்கு நைட்டே போடுங்க

ஒரு பேப்பர் எடுங்க, ஆப் வேணாம், எக்ஸெல்லும் வேணாம். வீட்ல கணவனோ மனைவியோ இருந்தா கூட உக்கார வெச்சுக்கங்க.

உங்க மாச சம்பளத்தை 100னு வெச்சுப்போம். அதுல நிறுத்தவே முடியாத செலவை மட்டும் எழுதுங்க. வாடகையோ வீட்டு லோனோ 35, சாப்பாட்டு செலவு 15, பிள்ளைங்க ஃபீஸ் 10, மருந்தும் இன்ஷூரன்ஸும் 5, கரண்ட் போன் நெட் 5, அப்பா அம்மாவுக்கு அனுப்பறது 5. மொத்தம் 75. மிச்சம் 25 எங்க போகுதுன்னே தெரியாம போயிட்டிருக்கும், அதை விடுங்க. இப்ப ஒரு வாரத்துக்குள்ள கைக்கு வரக்கூடிய காசு எவ்ளோன்னு பாருங்க, சேவிங்ஸ், ஃபிக்ஸட் டெபாசிட் அந்த மாதிரி. அது 300ன்னா 300ஐ 75ஆல வகுத்தா நாலு மாசம். இதுதான் உங்க நம்பர். ஃபீஸையும் லோனையும் பேசி கொஞ்சம் தள்ளி வெச்சு 75ஐ 60ஆ கொண்டு வந்தா அதே 300 அஞ்சு மாசம் ஓடும். ஒரு ரூபா கூட அதிகமா சம்பாதிக்காம ஒரு மாசம் வாங்கியாச்சு.

இதுல நிறைய பேர் தப்பு பண்றது எங்கன்னா, கம்பெனி குடுக்கும்னு நினைக்கற செட்டில்மென்ட் காசையும் சேத்துடுவாங்க. அது அக்கவுண்ட்ல விழற வரைக்கும் சைபர்தான். ஷேர் இருந்தா இன்னிக்கு விலைல பாதியா போட்டு கணக்கு பண்ணுங்க, ஏன்னா கம்பெனி ஆடற நேரத்துல அந்த கம்பெனி ஷேரும் சேர்ந்துதான் ஆடும், வேலையும் சேமிப்பும் ஒரே கூடைல இருக்கறது அப்பதான் உறைக்கும்.

நம்பர் வந்தாச்சா? மூணு மாசத்துக்கு கீழன்னா புதுசா எந்த இஎம்ஐயும் வேணாம், கார், போன், எதுவும். கைல இருக்கற காசை எல்லாம் போட்டு லோனை அடைச்சு நிம்மதியாகலாம்னு தோணும், அதையும் இப்ப செய்யாதீங்க. லோன் குறைஞ்சாலும் அடுத்த மாச இஎம்ஐ கட்ட கைல காசு வேணும்ல. வட்டி கொல்ற கிரெடிட் கார்டு பாக்கி மட்டும் இதுக்கு விதிவிலக்கு, அதை முடிங்க.

ஹெல்த் இன்ஷூரன்ஸை தனியா சொல்லணும். ஆபீஸ் குடுக்கற கவர் பெரும்பாலும் வேலையோடவே போயிடும், வீட்ல சுகர் பிரஷர்னு யாராவது இருந்தா புது பாலிசில காத்திருப்பு காலம் போட்டுடுவாங்க. அதனால சொந்த பாலிசி எடுக்கறதுன்னா சம்பளம் வந்துட்டிருக்கும்போதே எடுத்துடுங்க. உடம்புக்கு பாக்க வேண்டியது, பல்லு, கண்ணு, தள்ளி போட்டு வெச்சிருக்கற டெஸ்ட் எல்லாத்தையும் ஆபீஸ் கவர் இருக்கும்போதே முடிங்க.

4. பேப்பர்

லேப்டாப் லாக் ஆறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு நினைக்கறீங்க? எனக்கு மீட்டிங் முடிஞ்சு சீட்டுக்கு வர்றதுக்குள்ள ஆயிடுச்சு. மூணு வருஷ அப்ரைசல் லெட்டர், பேஸ்லிப், ஒரு பாராட்டு மெயில், எல்லாம் உள்ள. அது கூட பரவால்ல, எதிர்ல உக்காந்தவர் போன் நம்பர் கூட என்கிட்ட இல்ல, எல்லாம் ஆபீஸ் சாட்லதான் பேசிட்டிருந்தோம்.

அதனால இப்பவே உங்க சொந்த மெயிலுக்கோ டிரைவுக்கோ கொண்டு வர வேண்டியது: ஆஃபர் லெட்டர், கையெழுத்து போட்ட ஒப்பந்தம், இன்கிரிமென்ட் லெட்டர்கள், குறைஞ்சது ஒரு வருஷ பேஸ்லிப், வரி சம்பந்தப்பட்ட படிவம், ஓய்வூதிய கணக்கு நம்பர், இன்ஷூரன்ஸ் கார்டு, பாக்கி லீவு எத்தனைன்னு காட்டற ஸ்க்ரீன், ஷேர் குடுத்திருந்தா எந்த தேதில எவ்ளோ கைக்கு வரும்ங்கற பேப்பர். இதெல்லாம் உங்களை பத்தினது, உங்களுக்குன்னு குடுத்தது. அப்படியும் உங்க கம்பெனி பாலிசில வெளிய அனுப்பறதுக்கு தடை இருந்தா எச்ஆர் போர்ட்டலை வீட்டு கம்ப்யூட்டர்ல திறந்து டவுன்லோட் பண்ணுங்க, இல்ல எச்ஆர்கிட்டயே காப்பி கேளுங்க.

சாஃப்ட்வேர் கோட், கஸ்டமர் லிஸ்ட், டிசைன், ரேட் ஷீட், இதை ஒரு ஃபைல் கூட தொடாதீங்க. "நான் எழுதின கோடுதானே"ன்னு தோணும். நீங்க எழுதினது, ஆனா பொதுவா ஒப்பந்தப்படி அது கம்பெனியோடது. பெரிய கம்பெனிகள்ல லே ஆஃப் நேரத்துல யார் என்ன காப்பி பண்றாங்கன்னு தனியா பாத்துட்டிருப்பாங்க, மாட்டினா செட்டில்மென்ட்டும் போகும், ரிலீவிங் லெட்டர்லயும் கறை.

பேங்க், லிங்க்ட்இன், பிள்ளைங்க ஸ்கூல் ஆப், எதுலயாவது ஆபீஸ் மெயில் ஐடி குடுத்திருந்தா மாத்துங்க. போன் நம்பரே கம்பெனி சிம்னா ஓடிபி எல்லாம் அங்கதான் போகும், அதை முதல்ல மாத்துங்க. அப்புறம் ஒரு முப்பது பேர் சொந்த நம்பரை வாங்கி வைங்க. சும்மா பேசும்போது கேட்டாலே குடுப்பாங்க.

5. ஒப்பந்தத்தை ஒரு தடவையாவது படிங்க

சேரும்போது யாரும் படிக்கறது இல்ல. இப்ப படிங்க. நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், அது ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணா, கம்பெனி அனுப்பினா எவ்ளோ குடுக்கணும், பாக்கி லீவுக்கு காசு உண்டா, சேரும்போது குடுத்த போனஸை திருப்பி கேக்க முடியுமா, போட்டி கம்பெனில சேரக்கூடாதுன்னு இருக்கா. இதோட உங்க நாட்டு சட்டம் என்ன சொல்லுதுன்னும் பாருங்க, நாட்டுக்கு நாடு ரொம்ப மாறும். அமெரிக்காவுல 1988ல வந்த வார்ன் சட்டம் 100 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற கம்பெனி பெரிய அளவுல ஆள் குறைச்சா 60 நாள் முன்னாடியே எழுத்துல சொல்லணும்ங்குது. பிரிட்டன்ல ஒரே இடத்துல 90 நாளுக்குள்ள 20 பேரோ அதுக்கு மேலயோ போறாங்கன்னா ஊழியர்களோட கலந்து பேசணும், முதல் ஆள் போறதுக்கு 30 நாள் முன்னாடி ஆரம்பிக்கணும், 100 பேருன்னா 45 நாள். விசாவுல வேலை பாக்கறவங்க வேலை போனா எத்தனை நாள் தங்கலாம்னு இன்னிக்கே எழுதி ஒட்டி வைங்க, மாசக் கணக்கை விட அந்த நாள் கணக்குதான் உங்களுக்கு முக்கியம்.

6. மேனேஜர்கிட்ட எப்படி பேசறது

"என் வேலை போகுமா சார்?"னு நேரா கேட்டா "அப்படி எல்லாம் ஒண்ணும் இல்ல"ம்பார். பொய்யா இருக்கணும்னு இல்ல, பாதி நேரம் அவருக்கே தெரியாது, தெரிஞ்சாலும் சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிருப்பாங்க. நான் லீடா இருந்தப்ப ஒரு பொண்ணு வந்து கேட்டது வேற மாதிரி இருந்துச்சு:

"சார், அடுத்த ஆறு மாசத்துக்கு நம்ம டீம்ல எந்த வேலை நிக்கவே கூடாதுன்னு நினைக்கறீங்க? அதுல நான் இருக்கேனா?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. பொய் சொல்லவும் முடியல, ரகசியத்தை உடைக்கவும் முடியல. "நீ அந்த பில்லிங் வேலைல சேர்ந்துக்கயேன்மா"ன்னு சொன்னேன். அவளுக்கு புரிஞ்சுது, அடுத்த வாரமே சேர்ந்துட்டா. மேனேஜர் வார்த்தையை விட அவர் தயங்கற இடத்தை கவனிங்க. அவர் மேல கோவத்தை காட்டாதீங்க, நாளைக்கு ரெஃபரன்ஸ் கேக்க போறது அவர்கிட்டதான்.

7. ஆட்கள்

மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியல் ஆள் 1973ல ஒரு கட்டுரை எழுதினார். தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்களை புடிச்சு, வேலை பத்தி சொன்ன அந்த ஆளை அப்ப எவ்ளோ அடிக்கடி பாத்துட்டிருந்தீங்கன்னு கேட்டார். அடிக்கடி பாக்கறவங்க மூலமான்னு சொன்னது 100க்கு 17 பேர் கூட இல்ல. எப்பவாவது பாக்கறவங்கன்னு சொன்னது 56 பேர் கிட்ட, ரொம்ப அபூர்வமா பாக்கறவங்கன்னு 28 பேர் கிட்ட. அவர் பாத்தது கொஞ்ச பேரைத்தான், ஆனா காரணம் யோசிச்சா சரியா இருக்கும்: நெருங்கின ஃபிரண்டுக்கு தெரிஞ்சது எல்லாம் நமக்கும் ஏற்கனவே தெரியும், தூரத்துல இருக்கறவங்களுக்குத்தான் நமக்கு தெரியாத இடத்துல என்ன காலியா இருக்குன்னு தெரியும். எனக்கு அடுத்த வேலை கிடைச்சதும் மேல் மாடில பிரின்டர்கிட்ட ரெண்டு மூணு தடவை பேசின ஒருத்தர் மூலமாத்தான்.

அப்ப என்ன பண்ணணும்? பழைய ஆபீஸ்ல கூட இருந்தவங்க, கஸ்டமர் சைடு ஆள், கூட படிச்சவங்கன்னு இருபது பேர் எழுதுங்க. வாரத்துக்கு மூணு பேர், அவ்ளோதான். முதல் மெசேஜ்லயே ரெசியூமை தூக்கி போடாதீங்க, பாவம் அவங்களுக்கும் என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம அப்படியே விட்டுடுவாங்க. இந்த மாதிரி அனுப்புங்க: "எப்படி இருக்கீங்க? உங்க டீம்ல இப்ப எந்த டூல் யூஸ் பண்றாங்க? நான் இங்க ரிப்போர்ட்டிங் சைடுல இருக்கேன், அடுத்து எதை கத்துக்கலாம்னு யோசிச்சிட்டிருக்கேன், பதினஞ்சு நிமிஷம் பேச முடியுமா?" இதுக்கு பதில் சொல்ல எல்லாருக்கும் புடிக்கும். வேலை இருக்கும்போது கேக்கற குரலுக்கும் போனதுக்கு அப்புறம் கேக்கற குரலுக்கும் வித்தியாசம் இருக்கு, நமக்கே அது கேக்கும்.

ரெசியூம்ல ஒண்ணு மட்டும் சொல்றேன், மத்தது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். உங்க வேலையால எத்தனை மணி நேரம் மிச்சமாச்சு, எத்தனை தப்பு குறைஞ்சுது, அந்த எண்ணை எல்லாம் வேலைல இருக்கும்போதே எழுதிடுங்க. வெளிய வந்தப்புறம் "கணிசமாக குறைத்தேன்"னுதான் எழுத வரும்.

8. மனசு

1967ல ஹோம்ஸ், ராஹேன்னு ரெண்டு மனநல டாக்டர்கள் வாழ்க்கைல வர்ற மாற்றங்களுக்கு மார்க் போட்டு ஒரு பட்டியல் குடுத்தாங்க. துணையோட மரணத்துக்கு 100. வேலைல இருந்து அனுப்பப்படறதுக்கு 47. கல்யாணத்துக்கு 50. இதை வீட்ல படிச்சு காமிச்சேன், "எனக்கு அது 70ங்க"ன்னு பதில் வந்துச்சு. விளையாட்டு இருக்கட்டும், அந்த பட்டியல்ல வேலை போறதுக்கு மார்க் இருக்கு, போயிடுமோன்னு காத்திருக்கறதுக்கு மார்க் இல்ல. என்னை கேட்டா அதுதான் அதிகம். போச்சுன்னா அழுதுட்டு எழுந்து அடுத்ததை பாக்கலாம், காத்திருக்கறப்ப அழவும் முடியாது எழவும் முடியாது.

எனக்கு வேலை செஞ்சது ரெண்டு. ஒண்ணு, கவலைக்கு நேரம் ஒதுக்கறது. சாயங்காலம் ஏழுல இருந்து ஏழரை வரைக்கும் கவலைப்படுவேன், லே ஆஃப் சம்பந்தப்பட்ட வேலையும் அப்பதான், மத்த நேரம் தோணினா பேப்பர்ல ஒரு வார்த்தை எழுதிட்டு ஏழு மணிக்கு தள்ளிடுவேன். கேக்க சிரிப்பா இருக்கும். முதல் வாரம் ஓடாது, ரெண்டாவது வாரம் ஓடும்.

ரெண்டாவது, எழுதறது. 1994ல பென்னிபேக்கர்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளரும் அவரோட ஆட்களும் வேலை போன ப்ரொஃபஷனல்களை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. ஒரு குழுவை தினம் 20 நிமிஷம் அஞ்சு நாள், வேலை போனதை பத்தி மனசுல இருக்கறதை எல்லாம் கொட்டி எழுத சொன்னாங்க. அப்படி எழுதினவங்களுக்கு மத்தவங்களை விட சீக்கிரமா வேலை கிடைச்சுது. இதுல வேடிக்கை, அவங்க அதிகமா அப்ளை பண்ணதாலயோ அதிகமா இன்டர்வியூ போனதாலயோ இல்ல. உள்ள இருந்த கோவத்தை பேப்பர்ல இறக்கி வெச்சிட்டதால இன்டர்வியூல அது வாய் வழியா வரலன்னுதான் நான் புரிஞ்சுக்கறேன். பழைய கம்பெனிய திட்டற கேண்டிடேட்டை நானே இன்டர்வியூ பண்ணிருக்கேன், எடுக்கல.

வீட்ல சொல்லுங்க. இதுல ரெண்டாவது கருத்தே இல்ல எனக்கு. முதல் தடவை நான் சொல்லாம மறைச்சேன், மூணு வாரம் நான் போனை கவுத்து வெக்கறதை பாத்து அவங்க வேற என்னமோ கற்பனை பண்ணிட்டாங்க, அந்த பஞ்சாயத்து லே ஆஃபை விட பெருசா போச்சு. பிள்ளைங்ககிட்ட கூட வயசுக்கு ஏத்த மாதிரி "கொஞ்ச நாள் செலவை பாத்து பண்ணணும்பா"ன்னு ஒரு வரி சொல்லிடுங்க. தூக்கமே வராம, சாப்பாடு இறங்காம ரெண்டு வாரத்துக்கு மேல போனா, செத்துடலாம்னு நினைப்பு ஒரு தடவை வந்தாலும், டாக்டரை பாருங்க. கவர் இருக்கும்போதே.

9. அந்த நாள் வந்துட்டா

பேர் எதுவும் இல்லாம ஒரு மீட்டிங் வரும், பதினஞ்சு நிமிஷம், எச்ஆரும் இருப்பாங்க. போறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி குடிங்க, பேனாவும் பேப்பரும் எடுத்துக்கங்க. உள்ள எல்லாம் எழுதி வெச்ச வசனமாத்தான் பேசுவாங்க, வாதாடி மாத்த முடியாது, அந்த ரூம்ல இருக்கற யாருக்கும் மாத்தற அதிகாரம் இருக்காது. கேக்க வேண்டியது மட்டும் கேளுங்க: கடைசி நாள் எது, நோட்டீஸ் பீரியட் சம்பளம் உண்டா, செட்டில்மென்ட் எவ்ளோ எந்த தேதில, இன்ஷூரன்ஸ் எந்த நாள் வரைக்கும், பாக்கி லீவு, ஷேர், ரிலீவிங் லெட்டர்ல என்ன காரணம் போடுவீங்க, சந்தேகம்னா யாருக்கு மெயில் பண்றது.

எதுலயும் அங்கயே கையெழுத்து போடாதீங்க. "படிச்சு பாத்துட்டு சொல்றேன், எவ்ளோ நாள் டைம் இருக்கு?" இது ஒரு வரி, மரியாதையான வரி, மனப்பாடமே பண்ணி வைங்க. சில இடத்துல "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, ரெக்கார்டுக்கு நல்லா இருக்கும்"னு ரொம்ப அன்பா சொல்லுவாங்க. நீங்களா பேப்பர் போட்டா நஷ்ட ஈடு, அரசாங்கம் குடுக்கற வேலையில்லா காலத்து உதவி, இதெல்லாம் பல நாட்டுல கைவிட்டு போயிடும். பதிலுக்கு என்ன குடுக்கறாங்கன்னு எழுத்துல வாங்காம, தொழிலாளர் சட்டம் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட காட்டாம சரின்னு சொல்லாதீங்க. மீட்டிங் முடிஞ்ச அன்னிக்கே, அங்க பேசினதை அப்படியே எழுதி உங்க சொந்த மெயில்ல இருந்து எச்ஆருக்கு அனுப்பிடுங்க.

அதுக்கப்புறம் ரெண்டு நாள் ஒண்ணும் பண்ணாதீங்க. மூணாவது நாள் காலைல ஆபீஸ் போற நேரத்துக்கு எழுந்திருங்க. 1930கள் ஆரம்பத்துல ஆஸ்திரியாவுல மரியன்டால்னு ஒரு ஊர்ல இருந்த ஒரே மில்லை மூடினதுக்கு அப்புறம் மரி யஹோடாங்கற சமூக உளவியல் ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் அங்க போய் பாத்தாங்க. ஊருக்கே நேரம் கொட்டி கிடந்துச்சு, ஆனா லைப்ரரில புத்தகம் எடுக்கறது குறைஞ்சுது, ஆம்பளைங்க நடக்கற வேகம் கூட குறைஞ்சுது. சம்பளத்தோட சேத்து நாளோட வடிவமும் போயிடுது. அதனால பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் வேலை தேடறது, அப்புறம் மூடிடுங்க. நாள் முழுக்க தேடறேன்னு உக்காந்தா நாள் முழுக்க போனைத்தான் பாத்துட்டிருப்போம்.

10. தப்பிச்சுட்டா

சந்தோஷம் வரும்னு நினைச்சேன், வரல. பக்கத்து சீட்ல அவரோட ஸ்வெட்டர் நாற்காலிலயே தொங்கிட்டிருந்துச்சு, யாரும் எடுக்கல, ஒரு வாரம் அப்படியே இருந்துச்சு. போனவங்க வேலையும் நம்ம தலைல விழும். "எதை முதல்ல முடிக்கணும், எதை விடலாம்"னு எழுத்துல கேளுங்க, ரெண்டு பேர் வேலையை ஒருத்தரா பாக்கறேன்னு வீரம் காட்டாதீங்க.

போனவங்களுக்கு அன்னிக்கு சாயங்காலமே கூப்பிடுங்க. என்ன பேசறதுன்னு தெரியாமத்தான் எல்லாரும் கூப்பிடாம விடறாங்க. "எல்லாம் நல்லதுக்குத்தான்" வேணாம். "ரெசியூம் அனுப்புங்க, ரெண்டு பேருக்கு அனுப்பறேன்" போதும், சொன்ன மாதிரி அனுப்பிடுங்க.

அப்புறம் மாசக் கணக்கு பேப்பரை தூக்கி போடாதீங்க, ஒரு ரவுண்டோட முடியும்னு யாரும் எழுதி குடுக்கல. சம்பளம் விழுந்த மெசேஜ் வந்ததும் பத்து நிமிஷம்: பேஸ்லிப்பை டவுன்லோட் பண்ணி வெக்கறது, தூரத்து ஆள் ஒருத்தருக்கு மெசேஜ், மாசக் கணக்கை புதுசா போடறது. நான் இன்னும் செஞ்சிட்டுத்தான் இருக்கேன். போன மாசம் போட்டப்ப என் நம்பர் ஏழரைன்னு வந்துச்சு, அதை சொன்னதுக்கு வீட்ல இன்னும் சிரிச்சிட்டிருக்காங்க.